9 வயதுச் சக்கரவர்த்தியும் ஒரு வால்நட்சத்திரமும்

கி.பி. 989இல் ஜப்பானின் சக்கரவர்த்தி பெயர் இச்சிஜோ. வயது 9. இன்றைக்கு இருந்திருந்தால் நான்காம் வகுப்பில் உட்கார்ந்து நீண்ட வகுத்தல் போட்டுக்கொண்டிருப்பார். 6 வயதிலேயே பட்டத்துக்கு வந்துவிட்டதால் ராஜ்ஜியத்தை நடத்தியதெல்லாம் அம்மா வழித் தாத்தாதான். அந்த வருடம் கோடை முடிகிற நேரத்தில் தலைநகரம் கியோட்டோவின் வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. அரண்மனையில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. வானத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லவும், பஞ்சாங்கம் கணிக்கவும் அங்கே தனியாக ஓர் அலுவலகமே இருந்தது. கூடிப் பேசினார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: வருடத்தின் பெயரை மாற்றிவிடுவோம்!

சிரிக்காதீர்கள். ஜப்பானில் இது பெரிய விஷயம். அங்கே காலத்துக்குப் பெயர் வைப்பார்கள். அந்தப் பெயர் இருக்கும் வரை 1, 2, 3 என்று வருடத்தை எண்ணுவார்கள். புதுப் பெயர் வந்ததும் மறுபடி 1இலிருந்து ஆரம்பம். இப்போது நடப்பது ‘ரெய்வா’ காலம். 2019 மே 1ஆம் தேதி தொடங்கியது. அதனால் 2019தான் ரெய்வா 1. உங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு: 2019க்குப் பிறகு பிறந்த தம்பி, தங்கை யாராவது வீட்டில் இருந்தால், பிறந்த வருடத்திலிருந்து 2018ஐக் கழியுங்கள். ஜப்பானியக் கணக்கில் அவர்கள் பிறந்த வருடம் கிடைத்துவிடும். நீங்கள் அதற்கு முன்னால் பிறந்தவர் என்றால் உங்களுடையது ‘ஹெய்செய்’ காலம். 1988ஐக் கழிக்க வேண்டும். ஜப்பானில் இன்றும் அரசாங்கப் படிவங்களில் இந்தக் கணக்கு உண்டு.

1868க்குப் பிறகு ஒரு சக்கரவர்த்திக்கு ஒரு பெயர்தான் என்று சட்டம் போட்டுக்கொண்டார்கள். அதற்கு முன்னால் அப்படி இல்லை. நிலம் நடுங்கினால் மாற்றுவார்கள், தலைநகரம் தீப்பிடித்தால் மாற்றுவார்கள், கொள்ளைநோய் வந்தால் மாற்றுவார்கள். சந்தோஷத்துக்கும் மாற்றியிருக்கிறார்கள்: 708இல் நாட்டில் செம்பு கிடைத்தது என்று ஒரு பெயர், 749இல் தங்கம் கிடைத்தது என்று இன்னொரு பெயர்! 645இலிருந்து இன்றுவரை ஏறக்குறைய 250 காலங்கள் வந்துபோயிருக்கின்றன. இருப்பதிலேயே குட்டியானது 1238இல் பிறந்த ‘ரியாகுனின்’. இரண்டரை மாதம்தான் இருந்தது. பள்ளியின் அரையாண்டுக்கும் முழு ஆண்டுக்கும் நடுவில் ஒரு காலம் தொடங்கி முடிந்தேவிட்டது.

நம் இச்சிஜோவுக்கு வருவோம். 989 செப்டம்பர் 10ஆம் தேதி ‘எய்சோ’ என்ற புதுக் காலம் அறிவிக்கப்பட்டது. வானம் கோபத்தில் இருக்கிறது, பெயரை மாற்றிப் புதிதாகத் தொடங்கினால் கோபம் தணியும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சீனாவிலிருந்து வந்த பழக்கம் அது.

ஐந்தே நாள். செப்டம்பர் 15ஆம் தேதி இரவு, யாரும் அதுவரை பார்த்திராத ஒரு புயல் கியோட்டோவைத் தாக்கியது. அரண்மனையின் வாசல் கோபுரங்கள் சாய்ந்தன, கோயில்கள் விழுந்தன, வீடுகள் போன இடம் தெரியவில்லை. ‘எய்சோ காற்று’ என்று அதற்குப் பெயரே நின்றுவிட்டது. பின்னால் எவ்வளவு பெரிய புயல் வந்தாலும் அதோடு ஒப்பிட்டுத்தான் பேசினார்கள். ஆபத்து வராமலிருக்கப் பெயர் வைத்தால், ஆபத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பாவம், அடுத்த வருடம் நவம்பர் 26ஆம் தேதி எய்சோவையும் தூக்கிப் போட்டுவிட்டு ‘ஷோரியாகு’ என்று மாற்றினார்கள். எய்சோ மொத்தமாக இருந்தது ஒரு வருடமும் இரண்டரை மாதமும்தான். ஷோரியாகுவும் ஐந்து வருடம் முழுசாக நிற்கவில்லை. கொள்ளைநோய் வந்தது, மறுபடி புதுப் பெயர்.

இப்போது ஒரு கேள்வி. வால்நட்சத்திரம் வந்தது, புயலும் வந்தது. அப்படியானால் அவர்கள் பயந்ததில் என்ன தப்பு?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். காக்கையின் எடையாலா பழம் விழுந்தது? விழுகிற பதத்தில் இருந்த பழம், அந்த நேரம் பார்த்துக் காக்கை. இதை விஞ்ஞானி எப்படிச் சோதிப்பார்? நான்கு பட்டியல் போடுவார். காக்கை உட்கார்ந்து பழம் விழுந்த தடவைகள். உட்கார்ந்தும் விழாத தடவைகள். உட்காராமலே விழுந்த தடவைகள். காக்கையும் இல்லை, பழமும் விழவில்லை என்ற தடவைகள். நாம் சாதாரணமாக முதல் பட்டியலை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். மற்ற மூன்றையும் யாரும் கதையாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஜப்பானுக்கு இந்தச் சோதனையைப் போட்டுப் பாருங்கள். வடமேற்குப் பசிபிக் கடல், கோடை முழுக்க வெயிலில் காய்ந்து, ஆகஸ்ட் செப்டம்பரில்தான் நன்றாகச் சூடேறி நிற்கும். கடலின் மேல்நீர் 26, 27 டிகிரியைத் தாண்டினால் நீராவி ஏராளமாக மேலே போகும், மேகமாகும், அப்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும், பூமி சுழல்வதால் அந்தக் காற்றும் சுழலும். அதுதான் புயல். அங்கே டைஃபூன் என்பார்கள், நம் வங்காள விரிகுடாவில் சைக்ளோன். இரண்டும் ஒரே பிராணிதான். நம் பக்கம் அது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வரும். சென்னைப் பக்கம் புயல் கரையேறினால் பெங்களூரில் இரண்டு நாள் வெயிலே தெரியாமல் தூறிக்கொண்டிருக்குமே, அது அந்தப் பிராணியின் வால். ஆக, செப்டம்பரில் ஜப்பானில் புயல் அடிக்க எந்த வால்நட்சத்திரமும் தேவையில்லை. அங்கே அது பனம்பழ சீசன்.

மறுபக்கமும் பாருங்கள். 1923 செப்டம்பர் 1, ஜப்பானியக் கணக்கில் ‘தைஷோ’ 12ஆம் வருடம், டோக்கியோவை ஒரு பயங்கர நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. அப்போது 989இன் வால்நட்சத்திரம் எங்கே இருந்தது? சனிக் கிரகத்தையெல்லாம் தாண்டி வெகுதூரத்தில், யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

இன்னொன்று. 989 செப்டம்பரில் தஞ்சாவூரில் யார் ஆட்சி? முதலாம் ராஜராஜ சோழன். அவருக்கு அது ஐந்தாம் ஆட்சியாண்டு. சோழர் கல்வெட்டுகளில் ராஜாவின் பெயரைச் சொல்லி ‘யாண்டு 5 ஆவது’ என்பது போல எழுதுவார்கள். அதுவும் ஜப்பான் மாதிரி 1இலிருந்து எண்ணுகிற முறைதான். ஆனால் பயந்து நடுவில் நிறுத்துகிற வழக்கம் கிடையாது. 25ஆம் ஆண்டில் பெரிய கோயிலின் கலசம் ஏறும் வரை எண்ணிக்கை ஒழுங்காக ஓடியது. ஒரே வால்நட்சத்திரம்: கியோட்டோவில் புயல், தஞ்சாவூரில் வெற்றிமேல் வெற்றி. இன்னும் கேளுங்கள், அந்த அக்டோபரில் கான்ஸ்டான்டிநோபிளில், இன்றைய இஸ்தான்புல்லில், நிலம் நடுங்கி ஹாகியா சோபியாவின் பெரிய குவிமாடத்தில் ஒரு பகுதி இடிந்தது. அங்கேயும் வால்நட்சத்திரத்தின் மேல்தான் பழி. எல்லோர் வீட்டுப் பழியையும் அது ஒன்றே சுமந்திருக்கிறது!

அப்போது நம் பெங்களூர்? இந்தப் பக்கமெல்லாம் கங்க மன்னர்களின் நாடு. தெற்கே பேகூரில் நாகேஸ்வரர் கோயில் இருக்கிறதல்லவா, அங்கே சுமார் 890இல் எழுதப்பட்ட வீரக்கல் ஒன்று உண்டு. பெங்களூரு என்கிற பெயர் வருகிற மிகப் பழைய கல்வெட்டு அதுதான். அதாவது 989இல் இந்த ஊருக்கு ஏற்கனவே பெயர் இருந்தது. மழைமேகம் விலகிய ஏதாவது ஒரு விடிகாலையில், பேகூர் ஏரிக்கரைப் பக்கம் மாடு ஓட்டிப்போன ஒருவர் கிழக்கே அதைப் பார்த்திருக்கலாம். மின்விளக்கே இல்லாத வானம். பொறாமையாக இருக்கிறது.

சரி, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வந்தது இன்ன வால்நட்சத்திரம் என்று நமக்கு எப்படித் தெரியும்? இதில்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி வருகிறது.

இங்கிலாந்தில் எட்மண்ட் ஹாலி என்பவர் 1705இல் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். 1531, 1607, 1682 ஆகிய வருடங்களில் வந்த மூன்று வால்நட்சத்திரங்களும் ஏறக்குறைய ஒரே பாதையில் சூரியனைச் சுற்றிப் போயிருந்தன. நடுவில் சுமார் 76 வருட இடைவெளி. மூன்றல்ல, ஒன்றேதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடித்து, 1758 வாக்கில் மறுபடி வரும் என்று எழுதிவைத்தார். 1742இல் அவர் இறந்துபோனார். 1758 கிறிஸ்துமஸ் இரவில் ஜெர்மனியில் ஒரு விவசாயி தன் தொலைநோக்கியில் அதைப் பிடித்துவிட்டார். அதற்கு ஹாலி என்றே பெயர் வைத்தார்கள். 989இல் இச்சிஜோவின் அரண்மனையைக் கலக்கியதும் இதேதான்.

ஆனால் அது சூரியனை மிக நெருங்கியது 1759 மார்ச்சில்தான். ஏன் தாமதம்? பிரான்சில் நிக்கோல் ரெய்ன் லெப்போத் என்ற பெண் கணித நிபுணர் இரண்டு பேரோடு சேர்ந்து மாதக்கணக்கில் உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டார். கால்குலேட்டர் கிடையாது, காகிதமும் மையும்தான். வழியில் வியாழனும் சனியும் தங்கள் ஈர்ப்பு விசையால் ஹாலியை இழுத்து, 600 நாளுக்கு மேல் தாமதப்படுத்தும் என்று விடை வந்தது. அவர்கள் சொன்ன தேதிக்கும் உண்மையில் அது வந்த தேதிக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மாதம்தான்.

வியாழன், சனி. இந்த இரண்டு பேரும் உங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கிறார்கள். காலண்டரில் பாருங்கள், பிரபவ, விபவ என்று 60 தமிழ் வருடப் பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். வியாழன் சூரியனை ஒரு சுற்று சுற்ற ஏறக்குறைய 12 வருடம். சனிக்கு ஏறக்குறைய 30. இரண்டும் சேர்ந்து பொருந்துகிற எண் 60. மீச்சிறு பொதுமடங்கு போட்டுப் பாருங்கள், சரியாக வரும். பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் யுகாதியன்று வேப்பம்பூவும் வெல்லமும் கொடுத்துப் புது வருடத்தின் பெயரைச் சொல்வார்கள். உங்கள் வீட்டில் சித்திரை 1 அன்று அதே பெயர்தான் பிறக்கும், கொஞ்ச நாள் தள்ளி. இந்த 60 பெயர்களை எந்த ராஜாவும் பயந்து மாற்ற முடியாது. கிரகங்களின் நடையை வைத்துக் கட்டியது.

அந்த வியாழனும் சனியும்தான் ஹாலியின் நேரத்தையும் கலைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1066இல் வந்தது அடுத்து 1145இல்தான் வந்தது, 79 வருடம். 1835இல் வந்தது 1910இலேயே வந்துவிட்டது, 75 வருடம். அதனால் 76, 76 ஆகக் கழித்துக்கொண்டே பின்னால் போனால் 989 சரியாகக் கிடைக்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் கிரகங்கள் எங்கெங்கே இருந்தன என்று பார்த்துக் கணக்குப் போட வேண்டும். கணக்கு சரியா என்று யாரிடம் கேட்பது? சீனர்களும் ஜப்பானியர்களும் எழுதிவைத்த பழைய ஏடுகளிடம்தான்! இன்ன காலம், இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன நாள், இன்ன நட்சத்திரக் கூட்டத்துப் பக்கம் வால்நட்சத்திரம் தெரிந்தது என்று அவர்கள் குறித்திருக்கிறார்கள். காலம் குட்டியாக இருக்க இருக்க நமக்கு நல்லது, குழப்பமே வராது. ‘எய்சோ 2’ என்றால் அது 990தான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது. பயத்தில் எழுதிய குறிப்பு, ஆயிரம் வருடம் கழித்து வானியலாளர்களுக்குச் சாட்சியாக நிற்கிறது. 1145இல் ஹாலி வந்தபோதும் ஜப்பான் பெயரை மாற்றியது: டென்யோ போய் கியூவான் வந்தது. நடுவில் 1066இல் ஏனோ மாற்றவில்லை.

கடைசி இரண்டு தடவை ஹாலி வந்துபோனது 1910இலும் 1986இலும். 1910இல் கொடைக்கானல் வானோக்கு நிலையத்தில் அதைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார்கள். அந்த நிலையம் இன்று பெங்களூர் கோரமங்களாவில் இருக்கிற இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தது. வால்நட்சத்திரத்தைப் பிடித்த கண்ணாடித் தகடு எப்படி இருக்கும் தெரியுமா? எல்லாம் தலைகீழ். வானம் வெளுப்பாக, ஒளி பட்ட இடமெல்லாம் கறுப்பாக. வால்நட்சத்திரத்தின் தலை மைக்கறை போல இருக்கும், அதிலிருந்து ஒரு சாம்பல் புகை பிரியும். நட்சத்திரங்கள் மட்டும் புள்ளிகளாக இருக்காது. எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்த சின்னச் சின்னக் கோடுகளாக இழுபட்டிருக்கும். படமெடுக்கிற அத்தனை நேரமும் தொலைநோக்கி வால்நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து நகர்வதால் வருகிற விளைவு இது. அந்தக் கோட்டின் நீளத்தை அளந்தே வால்நட்சத்திரம் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

1986க்கு நம்மிடம் இன்னும் பெரிய கருவி தயாராக இருந்தது. ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊர். பெங்களூரிலிருந்து காரில் கிளம்பினால் காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் போய்விடலாம். அங்கே 2.34 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி வைத்த தொலைநோக்கியை, இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டினார்கள். 1986 ஜனவரி 6ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அதற்கு வைணு பாப்பு தொலைநோக்கி என்று பெயர் சூட்டினார். ஹாலி சூரியனை நெருங்கியது பிப்ரவரி 9. சரியான நேரம்! வைணு பாப்பு, மாணவராக அமெரிக்காவில் இருந்தபோது 1949இல் ஒரு புது வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். அதற்கு அவர் பெயரும் உண்டு. காவலூரைத் தேர்ந்தெடுத்ததும், இந்தத் தொலைநோக்கிக்குக் கனவு கண்டதும் அவர்தான். 1982இல் இறந்துபோனதால் அது வானத்தைப் பார்த்ததை அவரால் பார்க்க முடியவில்லை.

ஜப்பான் என்ன செய்தது? 989இல் பெயரை மாற்றிய அதே நாடு, 1985இல், அதாவது ஷோவா 60இல், ஹாலியிடம் இரண்டு விண்கலங்களை அனுப்பியது: சகிகாகே, சுய்செய். சுய்செய் 1986 மார்ச் 8ஆம் தேதி ஹாலியிலிருந்து சுமார் 1,51,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்துபோய், அதைச் சுற்றியிருந்த ஹைட்ரஜன் மேகத்தை ஆராய்ந்தது. ஐரோப்பாவின் ஜியோட்டோ இன்னும் துணிச்சல்காரன். மார்ச் 14 அன்று 600 கிலோமீட்டர் கிட்டத்தில் போய்ப் படமெடுத்தது. அரண்மனையைக் கலங்கவைத்த அந்த ஆசாமி யார்? சுமார் 15 கிலோமீட்டர் நீளம், 8 கிலோமீட்டர் அகலம் உள்ள, தூசி கலந்த அழுக்குப் பனிக்கட்டி. சென்னையில் வேளச்சேரிக்கும் கடற்கரை ரயில் நிலையத்துக்கும் நடுவில் படுக்கவைத்துவிடலாம். கரியைவிடக் கறுப்பு, மேலே விழுகிற வெளிச்சத்தில் 100க்கு 4 பங்குதான் திருப்பி அனுப்புகிறது. சூரியன் பக்கம் வரும்போது பனி ஆவியாகித் தூசியோடு பீறிட்டுக் கிளம்புகிறது. வால் என்று நாம் பார்ப்பது அதைத்தான்.

1986இல் ஹாலி பூமிக்குக் கிட்டத்தில் வந்தது ஏப்ரலில். அப்போதும் மங்கல்தான், ரொம்பப் பேருக்கு ஏமாற்றம். ஆனாலும் அது தெற்கு வானத்தில் இருந்ததால் ஐரோப்பாக்காரர்களைவிட நமக்கு வசதி. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், விடிகாலையில் மொட்டை மாடிக்கு ஏறியவர்கள் இருப்பார்கள்.

2023 டிசம்பரில் ஹாலி தன் பாதையின் கடைசி மூலையைத் தொட்டுவிட்டு, நெப்டியூனுக்கும் அப்பாலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறது. சூரியனை அடுத்து நெருங்கப்போவது 2061 ஜூலை 28. அந்தத் தமிழ் வருடத்தின் பெயரை இப்போதே சொல்லிவிடலாம்: விஷு. இதற்கு முன்னால் விஷு வந்தது 2001இல். 60ஐக் கூட்டினால் 2061. ஜப்பானியப் பெயரை யாராலும் சொல்ல முடியாது. 2061இல் பெங்களூரில் எப்படித் தெரியும் என்று கேட்டால், ஜூலை மாதம், தென்மேற்குப் பருவக்காற்று, மேகம். அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்றால் ஒரு வழி இருக்கிறது. ஹாலி போன வழியெல்லாம் தூசியைச் சிந்திவிட்டுப் போயிருக்கிறது. அந்தத் தூசிப் பாதையைப் பூமி வருடத்துக்கு இரண்டு தடவை கடக்கிறது. அப்போது ஹாலியின் துகள்கள் நம் காற்றில் உரசி எரிந்து எரிநட்சத்திரங்களாக விழும். ஒரு தடவை அக்டோபர் 21ஐ ஒட்டி, நடுநிசிக்குப் பிறகு, ஓரியன் கூட்டத்தின் பக்கமிருந்து. பெங்களூருக்கு நடுவில் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. ஊருக்கு வெளியே சொந்தக்காரர் வீடு இருந்தால் நல்லது. டார்ச்சையும் மொபைலையும் அணைத்துவிட்டு 20 நிமிடம் இருட்டில் படுத்திருந்தால் கண் பழகிவிடும். அக்டோபரில் மழை கெடுத்துவிட்டால் மே முதல் வாரத்தில் இன்னொரு வாய்ப்பு, விடிவதற்கு முன்னால், கிழக்கே. அது பள்ளி விடுமுறைக் காலம். மூன்றரை மணிக்கு எழுப்பிவிடச் சொன்னால் வீட்டில் அவ்வளவாகத் திட்டு விழாது.